வயிற்றுக்கு வாய்தா உண்டா?

கணவனும் மனைவியும் பிணங்கிப் பிரிந்து விடலாம். ஆனால் குழந்தையின் பசி யார் கட்சியிலும் சேராமல் வேளைக்கு வேளை வந்து நிற்கிறது. கைக்குழந்தையுடன் பிறந்தகம் திரும்பிய பெண்ணிடம் நம்மவர் சொல்வதென்ன? "அவனிடம் போய்க் கையேந்தாதே, மானம் பெரிது!" என்கிறோம். சகோதரிகளே, ஜீவனாம்சம் தாய்க்கு இடும் பிச்சையன்று, குழந்தையின் பாத்தியதை.

1898-ம் வருஷத்துக் கிரிமினல் சட்டத்தில் 488-வது பிரிவாக இருந்த இவ்விதி, 1973-ல் 125-வது பிரிவாயிற்று. 2024 ஜூலை 1-ந் தேதி முதல் பாரதீய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-வது பிரிவாக விளங்குகிறது. இதற்கு ஜாதி மத பேதமில்லை. முறைப்படி மணந்தவர்களுக்குப் பிறந்த குழந்தைதானா என்ற கேள்வியும் இல்லை. மாதம் 500 ரூபாய்க்கு மேல் விதிக்கலாகாது என்றிருந்த வரம்பும் 2001-ல் நீங்கி விட்டது.

தொகையை எப்படி நிர்ணயிக்கிறார்கள்? தகப்பனாரின் வருமானம், சொத்து, கடன், தாயின் சம்பாத்தியம், குழந்தையின் உணவு, உடை, படிப்பு, வைத்தியம் ஆகிய யாவும் கவனிக்கப்படும். "எனக்கு வேலையே இல்லை" என்று கைவிரிப்பது வழக்கமான தந்திரம். உடல் வலுவுள்ளவன் உழைத்துச் சம்பாதிக்கக் கூடியவனே என்று கோர்ட்டு கொள்ளும். 2020 நவம்பர் 4-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு அளித்த தீர்ப்பின்படி, இரு தரப்பாரும் வரவு, செலவு, ஆஸ்தி, கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்தாக வேண்டும். பொய் சொன்னால் அதுவே தனிக் குற்றமாகும். ஜீவனாம்சமும் தீர்ப்பு நாளிலிருந்து அல்ல, மனுச் செய்த நாளிலிருந்தே கணக்கிடப்படும். வழக்கு முடியும் வரைக்கும் இடைக்கால ஜீவனாம்சம் கோரலாம். அந்த மனுவை, எதிரிக்கு நோட்டீஸ் சேர்ந்த நாளிலிருந்து கூடுமானவரை 60 நாட்களுக்குள் பைசல் செய்ய வேண்டுமென்பது சட்டம்.

உத்தரவு கிடைத்தும் பணம் வராவிட்டால்? மாஜிஸ்ட்ரேட் வாரண்டு பிறப்பித்து, அபராதத்தை வசூலிப்பது போல இதையும் வசூலிக்கலாம். அசையும் பொருள்களை ஜப்தி செய்யலாம்; நிலவரிப் பாக்கி போல வசூலிக்கும்படி கலெக்டருக்கு எழுதலாம். அதன் பின்னும் பாக்கி நின்றால், ஒவ்வொரு மாதப் பாக்கிக்கும் ஒரு மாதம் வரை சிறைவாசம் விதிக்கலாம். பணத்தைச் செலுத்தினால் முன்னதாகவே விடுதலை. சிறையில் இருந்து விட்டதால் கடன் தீர்ந்தது என்று சில புத்திசாலிகள் எண்ணுவதுண்டு. சிறைவாசம் பணம் கொடுக்கச் செய்வதற்கான வழியேயன்றி, கடனுக்கு ஈடாகாதென்று சுப்ரீம் கோர்ட்டு தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

இங்கேதான் பலர் இடறி விழுகிறார்கள். பாக்கித் தொகை கொடுபடவேண்டிய நாளிலிருந்து ஒரு வருஷத்துக்குள் விண்ணப்பித்தால்தான் இந்த வாரண்டு கிடைக்கும். "தீபாவளிக்குத் தருகிறேன்", "பொங்கலுக்குத் தருகிறேன்" என்ற இனிய சொற்களை நம்பி வருஷத்தைக் கடத்தினால், இந்த எளிய வழி அடைபட்டுப் போகும். ஆகையால் வந்த பணத்தையும் வராத பணத்தையும் மாதந்தோறும் தேதியிட்டுக் குறித்து வையுங்கள்.

கோர்ட்டிலே வாய்தா கேட்கலாம், வக்கீலும் வாய்தா வாங்கலாம். ஆனால் குழந்தையின் வயிறு மட்டும் எவருக்கும் வாய்தா கொடுப்பதில்லை. வீட்டுப் பெரியவர்கள் மானத்தைப் பற்றிப் பேசுமுன், பெற்ற பிள்ளையைப் பட்டினி போடுவதைவிடப் பெரிய மானக்கேடு வேறு உண்டா என்று சற்று யோசிக்கட்டும்!