மூளையை மாற்றலாமா?

வீட்டில் பழைய கம்ப்யூட்டர் இருக்கிறது. மெதுவாக ஓடுகிறது. என்ன செய்வது? பழைய இரும்புக் கடையில் போட்டுவிடுவதா?

அவசரப்படாதீர்கள்!

ஆப்பிள் கம்பெனி 2009-ம் ஆண்டில் விற்ற "மாக் புரோ" என்ற பெரிய கம்ப்யூட்டரை எடுத்துக்கொள்வோம். அதில் 2 பிராசசர் உள்ள மாதிரியின் விலை, அமெரிக்காவில் 3,299 டாலரில் தொடங்கியது. பிராசசர்தான் கம்ப்யூட்டரின் மூளை.

8 ஆள், 12 ஆள்

ஒவ்வொரு பிராசசரிலும் 4 "கோர்"கள். அதாவது, மொத்தம் 8 ஆள் வேலை செய்வதுபோல!

2011-ல் இன்டெல் கம்பெனி "எக்ஸ்5690" என்ற பிராசசரை வெளியிட்டது. இதில் 6 கோர்கள். இரண்டைப் பொருத்தினால் 12 ஆள்! வேகமும் 2.26 கிகாஹெர்ட்சில் இருந்து 3.46 ஆகிறது. அன்று ஒன்றின் விலை 1,663 டாலர். இன்று பழைய சாமான் சந்தையில் அதில் சிறு பங்குதான்.

ஆபத்து எங்கே?

முதலில், கம்ப்யூட்டரை எழுப்பிவிடும் "ஃபர்ம்வேர்" புரோகிராமை 2010-ம் ஆண்டு மாதிரிக்கு மாற்றவேண்டும். மாற்றாவிட்டால், புது மூளையை அது அடையாளம் காணாது.

அடுத்தது, உயரம். பழைய பிராசசருக்கு உலோக மூடி கிடையாது. புதியதற்கு உண்டு. மேலே இருக்கும், சூட்டை இழுக்கும் உலோகக் கட்டியைப் பழையபடி இறுக்கினால், அடியில் உள்ள சாக்கெட் நசுங்கும். அதில் 1,366 மெல்லிய முனைகள் இருக்கின்றன. சில வளைந்தாலும் வம்புதான்! அதனால், இடையில் வாஷர் வைத்து அளவாக முடுக்குகிறார்கள்.

மின்சாரச் செலவும் கூடும். பழைய பிராசசர் 80 வாட். புதியது 130 வாட்.

யாருக்கு லாபம்?

சினிமாப் படம் தொகுப்பவருக்கு 12 கோரும் உழைக்கும். கடிதம் எழுதுகிறவருக்கு அவை சும்மா இருக்கும். அவர் பழைய டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. போட்டாலே போதும்.

இன்னொன்று: 2010-ம் ஆண்டு மாதிரிக்கே, ஆப்பிள் முறைப்படி கடைசியாகக் கொடுத்தது 2018-ல் வந்த "மொஜாவே"தான். சில புதிய புரோகிராம்கள் இந்தப் பிராசசர்களில் ஓடவே மாட்டா. மூளையை மாற்றினாலும் வயது குறையாது!

ஆகவே, என் கருத்து இதுதான்: செய்யவேண்டிய வேலை என்ன என்று முதலில் பாருங்கள். பிறகு மூளையை மாற்றுங்கள்.

பழையது என்பதற்காக எறிவதும் தவறு. பாசத்துக்காகப் பணத்தைக் கொட்டுவதும் தவறு!