ஆயிரம் ரூபாய்ப் பயம்

"நாற்பதாயிரம் குடுத்து லேப்டாப் வாங்குறீங்க, ஒரு ஆயிரம் ரூபா ஆன்டிவைரஸுக்குப் போய் யோசிக்கிறீங்களே சார்?"

தமிழ்நாட்டில் கணினி வாங்கியவர் எவரும் இந்தக் கேள்வியிலிருந்து தப்பியிருக்க மாட்டார். சென்னை ரிச்சி தெருவிலும் இதைத்தான் கேட்கிறார்கள், மாவட்டத் தலைநகர்களின் பேருந்து நிலையத்துக்கு எதிரே இருக்கும் மாடிக்கடைகளிலும் இதைத்தான் கேட்கிறார்கள். அண்மையில் ஒரு குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் இணையப் பாதுகாப்பு பற்றிப் பேச வந்தவர் இதையே மேடையில் சொல்லி, "ஓசியில வர்றது ஒருநாளும் காவல் காக்காது" என்று முடித்தார். முன்வரிசையில் இருந்த பெரியவர்கள் அதை நோட்டில் எழுதிக்கொண்டார்கள். வெளியே வந்தால் மேசை போட்டு ஆன்டிவைரஸ் டப்பாக்கள் விற்றுக்கொண்டிருக்கிறார்கள். ஓய்வூதியத்தில் வாழ்கிறவர்களை இப்படிப் பயமுறுத்திப் பணம் பறிப்பதைப் பல வருடங்களாகப் பார்த்து வருகிறேன். இந்த வாதத்தில் எது நிற்கும், எது நிற்காது என்று யாராவது எடுத்துச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

விண்டோஸோடு வரும் டிஃபெண்டர் சும்மா பேருக்குத்தான் என்பது அவர்களின் முதல் வாதம். ஒரு காலத்தில் அது உண்மையாகவே இருந்தது. 2006-இல் வந்த டிஃபெண்டர் உளவு மென்பொருளை மட்டும்தான் பார்த்தது. 2009-இல் மைக்ரோசாஃப்ட் 'செக்யூரிட்டி எசென்ஷியல்ஸ்' என்று ஒன்றை இலவசமாகக் கொடுத்தது. 2012-இல் விண்டோஸ் 8 வந்தபோதுதான் டிஃபெண்டர் முழு ஆன்டிவைரஸாக உள்ளேயே உட்கார்ந்தது. அதற்குப் பிறகும் சில வருடம் சோதனைகளில் பின்தங்கியே இருந்தது. கடைகளில் இன்றும் ஓதப்படுவது அந்தக் காலத்துப் பாடம். ஜெர்மனியின் மாக்டபர்க் நகரில் உள்ள ஏவி-டெஸ்ட் நிறுவனம் வீட்டுக் கணினிக்கான ஆன்டிவைரஸ்களைத் தொடர்ந்து சோதித்து 18-க்கு மதிப்பெண் போடுகிறது. 2019-க்குப் பிறகு டிஃபெண்டர் அங்கே பலமுறை 18-க்கு 18 வாங்கியிருக்கிறது. காசு கொடுத்து வாங்குபவையும் அதே 18-தான் வாங்குகின்றன. அதற்கு மேல் மதிப்பெண் கிடையாது.

நார்ட்டன் ஆன்டிவைரஸை விற்றுக்கொண்டிருந்த சைமன்டெக்கின் மூத்த துணைத் தலைவர் பிரையன் டை, 2014 மே மாதம் வால் ஸ்ட்ரீட் ஜர்னலிடம் பேசும்போது, ஆன்டிவைரஸ் செத்துப்போய்விட்டது என்றார். தாக்குதல்களில் ஏறத்தாழ 45 சதவீதத்தைத்தான் அது பிடிக்கிறது என்றும் சேர்த்துச் சொன்னார். விற்கிறவரே இப்படிச் சொன்ன பிறகு, அதே சரக்கை 'நூறு சதவீதப் பாதுகாப்பு' என்று மேடையில் சொல்ல எப்படி மனம் வருகிறது?

இலவசமாகக் கொடுக்கிறவன் உங்கள் தகவலை விற்றுத்தான் பிழைப்பான் என்பது அடுத்த வாதம். இதற்கு ஆதாரமாக அவாஸ்ட் என்ற இலவச ஆன்டிவைரஸைக் காட்டுவார்கள். அது நடந்ததுதான். அவாஸ்ட் பயன்படுத்தியவர்கள் எந்தத் தளத்துக்குப் போனார்கள் என்ற விவரம் ஜம்ப்ஷாட் என்ற துணை நிறுவனம் வழியாக விற்கப்பட்டது. 2020 ஜனவரியில் செய்தி வெளியானதும் அந்தத் துணை நிறுவனத்தை மூடினார்கள். 2024-இல் அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம் அவாஸ்டை 1.65 கோடி டாலர் கட்ட உத்தரவிட்டது. ஆனால் காசு வாங்குகிறவர்கள் கை சுத்தம் என்று இதிலிருந்து எப்படி வரும்? பணம் கட்டி வாங்கும் நார்ட்டன் 360-இல் 2021-இல் கிரிப்டோ நாணயம் தோண்டும் வசதியைச் சேர்த்தார்கள். நாம் ஒப்புக்கொண்டால்தான் அது ஓடியது என்றாலும், ஓடியபோது நம் வீட்டு மின்சாரத்தில் தோண்டியதில் 15 சதவீதம் கம்பெனிக்குப் போனது. இன்று அவாஸ்ட், ஏவிஜி, அவிரா, நார்ட்டன் நான்கும் ஜென் டிஜிட்டல் என்ற ஒரே நிறுவனத்தின் கையில் இருக்கின்றன. இலவசக்காரனும் காசுக்காரனும் ஒரே முதலாளிக்குத்தான் கணக்குக் காட்டுகிறார்கள்.

ஒன்றுக்கு இரண்டு ஆன்டிவைரஸ் போட்டால் இரட்டைப் பாதுகாப்பாம். ஒன்று மற்றதை வைரஸ் என்று சந்தேகித்து இரண்டும் கணினியை முடக்கும், அவ்வளவுதான். கணினி மெதுவானால் வைரஸ்தான் காரணமாம். பெரும்பாலும் காரணம் பழைய ஹார்ட் டிஸ்க். அதைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி போட்டால் அந்த 'வைரஸ்' போய்விடும்.

கூடுதலாக ஒரு பாதுகாப்பு இருந்தால் கெட்டுப்போவதற்கு என்ன இருக்கிறது என்று நல்லெண்ணத்தோடு கேட்கிறவர்களும் உண்டு. கெடுவதற்கு நிறைய இருக்கிறது. ஆன்டிவைரஸ் என்பது கணினியின் அடிமடி வரை கை நுழைக்கும் உரிமை பெற்ற மென்பொருள். 2010 ஏப்ரல் 21 அன்று மெக்காஃபி அனுப்பிய அப்டேட், விண்டோஸ் எக்ஸ்பி இயங்கவே தேவையான ஒரு கோப்பை வைரஸ் என்று பிடித்துப்போட்டது. உலகம் முழுக்கக் கணினிகள் திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆகிக்கொண்டே கிடந்தன. 2016-இல் கூகுளின் ப்ராஜெக்ட் ஜீரோ குழுவைச் சேர்ந்த டாவிஸ் ஆர்மண்டி, சைமன்டெக், நார்ட்டன் தயாரிப்புகளில் ஓட்டை கண்டுபிடித்தார். மின்னஞ்சல் வந்து சேர்ந்தாலே போதும், அதைத் திறக்கக்கூட வேண்டாம். அதை ஆராயப்போன ஆன்டிவைரஸே தாக்குகிறவனுக்கு வழிவிடும். நம் நாட்டு ஈஸ்கேன் தன் அப்டேட்டுகளைப் பாதுகாப்பில்லாத எச்டிடிபி இணைப்பில் அனுப்பிவந்தது. நடுவில் புகுந்தவர்கள் அப்டேட் பொட்டலத்தை மாற்றி, தங்கள் மால்வேரை வைத்து அனுப்பினார்கள். 2024 ஏப்ரலில்தான் இது வெளியுலகுக்குத் தெரிந்தது. சந்தா கட்டியவர் வீட்டுக்கு, அந்தச் சந்தாவின் அப்டேட் வழியாகவே மால்வேர் வந்திருக்கிறது.

இவையெல்லாம் எங்கோ நடந்தவை என்று வைத்துக்கொண்டாலும், நம் ஊர்க் கடைகளில் தினமும் நடப்பதை எப்படி மன்னிப்பது?

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர் இருக்கிறார். லேப்டாப் தானாக விளம்பரப் பக்கங்களைத் திறக்கிறது என்று என்னைக் கூப்பிட்டார். "கடைக்காரத் தம்பி நல்லாத்தான் பண்ணிக் குடுத்தாரு, தம்பி. ஆன்டிவைரஸ்கூட ஒரு வருஷத்துக்குக் காசு குடுத்துப் போட்டேன். இந்த வருஷம்தான் ரெனியூவல் பண்ணல. அதனாலதான் இப்படி ஆயிடுச்சோ?" என்று குற்றவுணர்ச்சியோடு கேட்டார்.

விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து, வைரஸ் பாதுகாப்பு என்ற பகுதியில் செட்டிங்ஸுக்குப் போய், பக்கத்தின் அடிமட்டம் வரை இறங்கினால் 'எக்ஸ்க்ளூஷன்ஸ்' என்று ஒரு பட்டியல் இருக்கும். டிஃபெண்டர் எந்தெந்த இடத்தைப் பார்க்கக் கூடாது என்று நாம் எழுதிக்கொடுக்கும் பட்டியல் அது. அந்த அம்மாவின் லேப்டாப்பில் அங்கே ஒரே ஒரு வரிதான் இருந்தது: சி டிரைவ். விண்டோஸ், மென்பொருள்கள், டவுன்லோட்ஸ், அவர் எழுதிவைத்த கட்டுரைகள் எல்லாமே இருக்கிற டிரைவ். அது முழுவதையும் பார்க்காதே என்று டிஃபெண்டருக்கு எழுதிக்கொடுத்திருந்தார்கள். விண்டோஸ் அப்டேட் சர்வீஸும் நிறுத்திவைக்கப்பட்டிருந்தது.

இது எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். ஃபார்மேட் அடித்து விண்டோஸ் போடச் சொன்னால், பல கடைகளில் லைசென்ஸ் உள்ள விண்டோஸ் போடுவதில்லை. கைவசம் வைத்திருக்கும் பென்டிரைவிலிருந்து ஒன்றைப் போட்டு, ஆக்டிவேட்டர் என்ற கிராக்கை ஓட்டிவிடுகிறார்கள். டிஃபெண்டர் அந்தக் கிராக்கைப் பார்த்த உடனே பிடிக்கும். அதன் வேலையே அதுதான். அதனால் முதல் காரியமாக டிஃபெண்டரை அணைக்கிறார்கள், அல்லது எக்ஸ்க்ளூஷனில் டிரைவையே எழுதிவிடுகிறார்கள். சில ஆக்டிவேட்டர்கள் அந்த வேலையைத் தாங்களாகவே செய்துகொள்ளும். அடுத்து, அப்டேட் வந்தால் கிராக் கழன்றுவிடும் என்ற பயத்தில் அப்டேட்டையும் நிறுத்துகிறார்கள். இவ்வளவும் முடிந்த பிறகுதான் அந்த ஆயிரம் ரூபாய்க் கேள்வி. வெளி ஆன்டிவைரஸ் ஏறியதும் டிஃபெண்டர் தானாக ஒதுங்கிக்கொள்ளும். ஒரு வருடம் கழித்துச் சந்தா முடிந்து அதை நீக்கினால் டிஃபெண்டர் திரும்ப வரும். வரும்போது அந்தப் பழைய எக்ஸ்க்ளூஷன் பட்டியல் அப்படியே இருக்கும். கண்ணைக் கட்டிவிட்ட காவல்காரன். பிறகு ஏதாவது நுழைந்தால், "பாத்தீங்களா, ஓசி காவல் காக்காதுன்னு சொன்னேனே" என்கிறார் அதைக் கட்டிவிட்டவர். டிஃபெண்டரைத் தோற்கடித்தது வைரஸா, கடையா?

கிராக்கோடு வருவது விளம்பரப் பக்கங்கள் மட்டும் என்றால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஸ்டாப்-டிஜேவியு என்ற ரான்சம்வேர் வீட்டுக் கணினிகளில் பரவியதே முக்கியமாக இந்த ஆக்டிவேட்டர்கள், கிராக் செய்த மென்பொருள்கள் வழியாகத்தான். குழந்தையின் முதல் பிறந்தநாள் படம், வீட்டுப் பத்திரத்தின் ஸ்கேன் எல்லாவற்றையும் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும். 2019 அக்டோபரில் எம்சிசாஃப்ட் நிறுவனம் அதன் 148 வகைகளுக்குப் பூட்டை அவிழ்க்கும் கருவியை வெளியிட்டது. அதற்கு ஒரு பைசா வாங்கவில்லை. ஓசியில் வந்த கருவிதான் அந்தப் படங்களை மீட்டுக்கொடுத்தது.

அப்டேட்டை நிறுத்துவது இதைவிடப் பெரிய துரோகம். 2017 மே 12 அன்று வான்னாக்ரை என்ற ரான்சம்வேர் பரவியபோது பிரிட்டனின் அரசு மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்பின. அது நுழைந்த ஓட்டைக்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14-ஆம் தேதியே வெளியிட்டிருந்தது. ஏறத்தாழ இரண்டு மாதம் கையில் இருந்தது. மருத்துவமனைகளில் பாதிக்கப்பட்டவை திருத்தம் போடாத அல்லது ஆதரவு முடிந்த விண்டோஸ் ஓடிய கணினிகள் என்று அந்நாட்டுத் தேசியத் தணிக்கை அலுவலகம் பின்னர் அறிக்கை கொடுத்தது. இலவசமாக வரும் அந்தத் திருத்தத்தை நிறுத்திவிட்டு, அதற்குப் பதிலாகச் சந்தா விற்பவரைப் பாதுகாப்பு வல்லுநர் என்று மேடையேற்றுகிறோம்.

அந்த ஆசிரியையின் லேப்டாப்பில் இன்னொன்றும் இருந்தது. வலதுபக்க மூலையில் அடிக்கடி ஒரு சிறு பெட்டி எழும்பி, உங்கள் கணினியில் ஐந்து வைரஸ் இருக்கிறது, உடனே புதுப்பியுங்கள் என்று மிரட்டியது. பிரபல ஆன்டிவைரஸ் ஒன்றின் சின்னம் வேறு. உண்மையில் அது குரோமின் நோட்டிஃபிகேஷன். எப்போதோ ஒரு தளத்தில் 'அலவ்' என்று அமுக்கியிருக்கிறார். குரோம் செட்டிங்ஸில் அந்தத் தளத்தின் அனுமதியை எடுத்ததும் ஐந்து வைரஸும் காணாமல் போயின. எந்தப் பயத்தை மேடையில் விதைக்கிறார்களோ, அந்தப் பயத்தை வைத்துத்தான் இந்த மோசடியும் பிழைக்கிறது. "நல்லவேளை, கார்டு நம்பர் அடிக்கப் போனேன் தம்பி" என்றார்.

கடைசியாக, ஆன்டிவைரஸ் இருந்தால் பயமில்லாமல் பேங்க் வேலை பார்க்கலாம் என்கிறார்கள். இன்று தமிழ்நாட்டில் பணம் போவது டிஜிட்டல் அரெஸ்ட் என்று வீடியோ காலில் மிரட்டுவதாலும், கல்யாணப் பத்திரிகை என்று வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே கோப்பாலும், நாமே வாயால் சொல்லும் ஓடிபியாலும்தான். வீட்டுக் கணினியில் இருக்கும் எந்த ஆன்டிவைரஸும் இதில் ஒன்றையும் தடுக்காது. பணம் போனால் அந்த நிமிடமே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குக் கூப்பிட வேண்டும் என்று அந்தப் பேச்சாளர் ஒரு வார்த்தை சொன்னாரா? சொல்லவில்லை.

அந்த ஆயிரம் ரூபாயோடு இன்னும் பணம் போட்டு ஒரு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் வாங்கிப் படங்களையும் பத்திரங்களையும் அதில் ஒரு பிரதி எடுத்துக் கழற்றி வையுங்கள். லைசென்ஸ் உள்ள விண்டோஸ், ஓடவிட்ட அப்டேட், எக்ஸ்க்ளூஷன் எதுவும் இல்லாத டிஃபெண்டர். வீட்டுக்கு இது போதும்.

இப்போது புதிதாக ஒன்றைச் சொல்லி விற்கத் தொடங்கியிருக்கிறார்கள். 2025 அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிந்துவிட்டது, அதனால் ஆன்டிவைரஸ் வாங்கியே தீர வேண்டுமாம். முதல் பாதி சரி. இரண்டாம் பாதி பொய். விண்டோஸில் இருக்கும் ஓட்டையை எந்த ஆன்டிவைரஸும் அடைக்காது, அதற்கு விண்டோஸ் திருத்தமே வேண்டும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து செட்டிங்ஸை பேக்கப் செய்ய ஒப்புக்கொண்டால், அந்தத் திருத்தங்கள் 2026 அக்டோபர் வரை காசில்லாமல் வரும். விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே பதிவுசெய்யும் இணைப்பு இருக்கிறது. விண்டோஸ் 10-இல் டிஃபெண்டரின் வைரஸ் பட்டியல் 2028 அக்டோபர் வரை புதுப்பிக்கப்படும் என்றும் மைக்ரோசாஃப்ட் அறிவித்திருக்கிறது. இந்த இரண்டு செய்தியையும் கடையில் சொல்ல மாட்டார்கள். அடுத்த முறை யாராவது அந்த ஆயிரம் ரூபாய்க் கேள்வியைக் கேட்டால், நீங்கள் போட்டுத்தரும் விண்டோஸ் லைசென்ஸ் உள்ளதா, பில்லில் எழுதித் தருவீர்களா என்று திருப்பிக் கேளுங்கள்.