கார் உங்களுடையது, சுவிட்ச் அவர்களுடையதா? புதிய கார்களில் நுழையும் சந்தா... எதற்குக் கட்டலாம், எதற்குக் கூடாது?

ஓடிடிக்கு ஒரு சந்தா, பாட்டு கேட்க ஒரு சந்தா, போன் போட்டோக்களைச் சேமிக்க ஒரு சந்தா. இந்த வரிசையில் இப்போது காரும் வந்து நிற்கிறது. லட்சக்கணக்கில் கொட்டி, ஐந்து, ஏழு வருட இ.எம்.ஐ. போட்டு வாங்கும் காரில், ஏற்கெனவே பொருத்தப்பட்டிருக்கும் சில வசதிகளை இயக்க மாதாமாதம் தனியாகப் பணம் கேட்கின்றன நிறுவனங்கள். இது வெளிநாட்டு சொகுசு கார்களின் பிரச்னை மட்டும்தானா? இல்லை. நம்ம ஊர் ஷோரூமுக்கும் வந்தாச்சு.

எங்கே தொடங்கியது?

ஐபோனை காரின் திரையோடு இணைக்கும் வசதிதான் ஆப்பிள் கார்பிளே. மேப், பாட்டு, அழைப்பு என எல்லாம் போனில்தான் ஓடும், டேட்டாவும் போனுடையதே. காரின் திரை அதைக் காட்டும், அவ்வளவுதான். ஆனால், அமெரிக்காவில் இதற்கு முதல் ஆண்டு இலவசம், பிறகு ஆண்டுக்கு 80 டாலர் என்றது பிஎம்டபிள்யூ. வாடிக்கையாளர்கள் கொதித்தார்கள். 2019 டிசம்பரில் அந்தக் கட்டணம் கைவிடப்பட்டது.

2022-ல் அதே நிறுவனம் அடுத்த சோதனையில் இறங்கியது. குளிருக்கு இதமாக சீட்டைச் சூடாக்கும் வசதிக்கு பிரிட்டன், தென் கொரியா உள்ளிட்ட நாடுகளில் மாதச் சந்தா. பிரிட்டனில் 15 பவுண்டு. சீட்டுக்குள் கம்பி இருக்கிறது, சுவிட்ச் இருக்கிறது. சந்தா கட்டினால்தான் சூடாகும்! 2023-ல் இதையும் கைவிடுவதாக அறிவித்தது.

மற்றவர்கள் நிறுத்தவில்லை. தன் மின்சார கார்கள் சிலவற்றின் வேகத்தைக் கூட்ட, அமெரிக்காவில் ஆண்டுக்கு 1,200 டாலர் என 2022-ல் அறிவித்தது மெர்சிடிஸ். 2025-ல் வோக்ஸ்வாகன், பிரிட்டனில் ஐடி.3 காரின் முழுத் திறனையும் பெற மாதம் 16.50 பவுண்டு என்றது. மோட்டார் அதே மோட்டார்தான். மாறுவது மென்பொருள் மட்டும்.

போனை ஏன் வெளியே தள்ளுகிறார்கள்?

2023-ல் ஜெனரல் மோட்டார்ஸ் எடுத்த முடிவு இதைவிட முக்கியமானது. இனி வரும் தன் மின்சார கார்களில் கார்பிளேவும் ஆண்ட்ராய்டு ஆட்டோவும் இருக்காது, கூகுளுடன் சேர்ந்து உருவாக்கிய சொந்த சிஸ்டம்தான் என்றது.

காரணம் புரியாத புதிர் இல்லை. 2030-க்குள் மென்பொருள், சேவைகள் வழியாக ஆண்டுக்கு 20 முதல் 25 பில்லியன் டாலர் வருமானம் என்று 2021-லேயே இலக்கு வைத்த நிறுவனம் அது. போன் இணைந்துவிட்டால் ஓட்டுநரின் கவனமும் தரவும் போன் பக்கம் போய்விடும். கார் கம்பெனிக்கு விற்க எதுவும் மிஞ்சாது. திரை யார் கையிலோ, சந்தா அவர் கையில்!

நிறுவனங்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறதா?

கொஞ்சம் இருக்கிறது. பத்து வகையான சீட் செய்வதைவிட, எல்லா காருக்கும் ஒரே சீட்டைச் செய்வது செலவு குறைவு. வேண்டியவர் மட்டும், வேண்டிய மாதத்துக்கு மட்டும் வாங்கலாம். நேரலை டிராபிக், போனிலிருந்தே காரைப் பூட்டுவது, கார் எங்கே நிற்கிறது என்று பார்ப்பது போன்றவற்றுக்கு காரில் சிம், பின்னால் சர்வர் என்று தொடர் செலவும் உண்டு. அதற்குக் கட்டணம் கேட்பது தப்பில்லை.

ஆனால், ஒரே சீட் என்பதால் மிச்சமாகும் பணம் வாங்குபவருக்கு விலைக் குறைப்பாக வருகிறதா என்பதுதான் கேள்வி. அந்தக் கம்பியின் விலை எங்கும் தனியாகக் காட்டப்படுவதில்லை. அதன் எடையைச் சுமப்பதும், பழுதானால் செலவைப் பார்ப்பதும் உரிமையாளர்தான்.

பூட்டின் சாவி யாரிடம் இருக்கிறது என்பதை 2017-ல் அமெரிக்கா பார்த்தது. இர்மா புயலின்போது ஃப்ளோரிடாவிலிருந்து மக்கள் வெளியேறியபோது, மென்பொருளால் கட்டுப்படுத்தியிருந்த பேட்டரித் திறனைச் சில கார்களுக்குத் தற்காலிகமாகத் திறந்துவிட்டது டெஸ்லா. நல்ல காரியம்தான். ஆனால், வீட்டு வாசலில் நிற்கும் காரை எங்கிருந்தோ ஒருவர் திறக்க முடியும் என்றால், மூடவும் முடியும்.

இன்னொரு ஆபத்து நெட்வொர்க். 2022-ல் அமெரிக்காவில் 3ஜி சேவை நிறுத்தப்பட்டபோது, பல பழைய கார்களின் இணைய வசதிகள் அப்படியே நின்றுபோயின. கார் ஓடியது, வசதி ஓடவில்லை.

நம்ம ஊர் நிலவரம் என்ன?

2019-ல் ஹூண்டாய் வென்யூ, எம்ஜி ஹெக்டர் வந்தபோதே 'கனெக்டட் கார்' இங்கே பிரபலமாகிவிட்டது. கியா, டாடா, மஹிந்திரா என எல்லோரிடமும் இன்று இந்த வசதி உண்டு. பொதுவாக முதல் சில ஆண்டுகள் இலவசம், அதன் பிறகு புதுப்பிக்கக் கட்டணம். டெலிவரி நாளில் மாலை, கேக், போட்டோ என்ற பரபரப்பில் இந்த 'அதன் பிறகு' காதில் விழுவதில்லை.

பூட்டிய வன்பொருளும் புதிதல்ல. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஆலை வைத்திருக்கும் ஓலா எலெக்ட்ரிக், எஸ்1 ஸ்கூட்டருக்குப் பதிவு செய்தவர்களுக்கும் எஸ்1 ப்ரோவின் வன்பொருளையே தருவதாகவும், கூடுதல் வசதிகளைப் பிறகு பணம் கட்டித் திறந்துகொள்ளலாம் என்றும் 2022 ஜனவரியில் அறிவித்தது.

கோடு எங்கே போட வேண்டும்?

தொடர்ந்து செலவாகும் சேவைக்கு தொடர்ந்து கட்டணம். ஒருமுறை பொருத்திய பொருளுக்கு ஒருமுறை விலை. இதுதான் நியாயமான கோடு. சீட், மோட்டார், பேட்டரி, போனை இணைக்கும் வசதி எல்லாம் இரண்டாவது வகை.

உயிர் காக்கும் வசதி இந்தக் கணக்கிலேயே வரக்கூடாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 முதல், விபத்து நடந்தால் தானாகவே அவசர எண்ணை அழைக்கும் வசதி புதிய மாடல் கார்களில் கட்டாயம். அதற்குச் சந்தா கிடையாது. இங்கே எஸ்.ஓ.எஸ். பட்டன் கனெக்டட் பேக்கேஜுக்குள் இருந்தால், சந்தா முடிந்த மறுநாள் நடக்கும் விபத்தில் அந்த பட்டன் வெறும் அலங்காரமாகிவிடக் கூடாது.

சட்டக் கருவிகள் நம்மிடம் இல்லாமல் இல்லை. 2019-ன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 'நியாயமற்ற ஒப்பந்தம்' என்பதை வரையறுக்கிறது. 2023 நவம்பரில் வந்த 'டார்க் பேட்டர்ன்' வழிகாட்டுதல்கள் சந்தா வலையைத் தடை செய்கின்றன. ஆனால், இவை ஆப்களையும் ஆன்லைன் கடைகளையும் மனதில் வைத்து எழுதப்பட்டவை. 'பொருத்திய வன்பொருளைப் பூட்டக் கூடாது' என்று தெளிவாகச் சொல்லும் விதி வேண்டும். ஆன்-ரோடு விலைப் பட்டியலிலேயே, இலவசக் காலம் முடிந்த பிறகான ஆண்டுக் கட்டணமும் அச்சாக வேண்டும். எல்லா காரிலும் பூட்டு வந்த பிறகு விதி எழுதிப் பயனில்லை.

புக்கிங்குக்கு முன் கேட்க வேண்டியவை

• எந்தெந்த வசதிகள் சந்தாவில் ஓடுகின்றன? இலவசக் காலம் எவ்வளவு?

• அதன் பிறகு ஆண்டுக்கு எவ்வளவு? கட்டாவிட்டால் எவை நிற்கும்? எஸ்.ஓ.எஸ். வேலை செய்யுமா?

• கார்பிளே, ஆண்ட்ராய்டு ஆட்டோ எப்போதும் இலவசமா?

• காரை விற்றால் மீதமுள்ள சந்தா புதிய உரிமையாளருக்கு மாறுமா?

• ஓட்டும் விவரங்கள் யாருக்குப் போகின்றன? அதை நிறுத்த முடியுமா?

பதில்களை வாயால் கேட்டால் போதாது, மெயிலில் வாங்கி வையுங்கள். பழைய கார் வாங்குபவர்களுக்கும் இதே பட்டியல்தான்.

கார்பிளே கட்டணமும் சீட் சந்தாவும் வாடிக்கையாளர்கள் எதிர்த்த பிறகே போயின. 'இதுக்கெல்லாமா காசு?' என்று ஷோரூமிலேயே கேட்பவர்கள் கூடக் கூட, அடுத்த சுவிட்சைப் பூட்டும் முன் நிறுவனங்கள் இரண்டு முறை யோசிக்கும்.