மறைந்த மாடங்கள்! மறையாத சாட்சிகள்!

தோழரே! இரண்டு படங்களை எடுத்து மேசைமீது வையுங்கள். ஒன்று, பழுப்பேறிய பழைய படம். மற்றொன்று, அண்மையில் எடுத்த புதிய படம். இரண்டும் சென்னை சென்ட்ரல் அருகே எடுத்தவை. பழையதிலே, வளைவுகளும் மாடங்களுமாகச் செங்கல் மாளிகையொன்று வீற்றிருக்கிறது. புதியதிலே, அவ்விடத்தில் புறநகர் இரயில் நிலையம்! மாளிகை எங்கே? மண்ணுக்குள் புகுந்ததா? மாயமாய் மறைந்ததா?

அதுதான் மூர் மார்க்கெட்! 1898-ல் அடிக்கல் நாட்டினர், 1900-ல் திறந்தனர், 1985 மே 30 அன்று தீ அதைத் தின்று தீர்த்தது.

"போனால் போகட்டுமே! வெள்ளையன் கட்டியதுதானே?" என்று கேட்போர் உளர். வீறாப்பான கேள்விதான்! ஆனால், அவர்களை நாம் திருப்பிக் கேட்போம்: பெயர் வெள்ளைத் துரையுடையது, கல் சுமந்த தோள் யாருடையது? சுண்ணாம்பு குழைத்த கரம் யாருடையது? அங்கே கடை விரித்துப் பிழைத்தவர் யார்? புதுப் புத்தகம் வாங்க வகையற்ற ஏழை மாணவனுக்கு அதன் பழைய புத்தகக் கடைகளன்றோ நூலகம்! கல்லூரிப் படிப்பை முடிக்காத நான் நன்கறிவேன், பழைய புத்தகக் கடையின் அருமையை! துரையின் பெருமைக்காக அல்ல, அந்த ஏழையின் வரலாற்றுக்காகவே வாதாடுகிறோம்.

வாதாடச் சான்று வேண்டாமா? அதைத் தருபவை படங்களே! நிலைத்து நிற்பதைக் கொண்டு நில்லாது போனதைக் கண்டறிக. 1873-ல் எழுந்த சென்ட்ரல் நிலையம் இன்றும் நிற்கிறது. ரிப்பன் மாளிகை நிற்கிறது. விக்டோரியா மண்டபம் நிற்கிறது. இம்மூன்றையும் அடையாளமாகக் கொண்டால், மூர் மார்க்கெட் நின்ற இடம் தானே புலப்படும். காலத்தை எப்படி அறிவது? ரிப்பன் மாளிகை திறக்கப்பட்டது 1913-ல். அது முழுமையாகத் தெரிந்தால் படம் அதையொட்டியோ பின்னரோ எடுத்தது. சாலையிலே டிராம் வண்டி ஓடுகிறதா? சென்னையில் மின்சார டிராம் ஓடியது 1895 முதல் 1953 வரை. படமும் அதற்குள் அடங்கும். நிழல் விழும் திசையும் கடைப்பலகையின் எழுத்தும்கூடச் சாட்சி சொல்லும்!

மறைந்தது மூர் மார்க்கெட் மட்டுமா? மவுண்ட் ரோட்டு ஸ்பென்சர் மாளிகையைத் தீ விழுங்கியது 1983-ல். 1837-ல் எழுந்த மத்திய சிறை, சுபாஷ் சந்திர போஸை 1932-ல் அடைத்து வைத்த அந்தச் சிறை, 2009-ல் இடித்து அகற்றப்பட்டது. சிறை போனதற்காகச் சிந்துவதற்கு நம்மிடம் கண்ணீர் இல்லை. சிறையின் இடத்திலே மருத்துவக் கல்லூரி வளர்வது மகிழத்தக்கதே. ஆயினும், நாட்டுக்காக வாடியவர்களின் கொட்டடி எது, அவர்கள் நடந்த முற்றம் எது என்று நாளை பேரன் கேட்டால், எந்தச் சுவரைக் காட்டுவோம்?

வளர்ச்சி வேண்டாம் என்பதல்ல நம் வாதம். இரயிலும் வேண்டும், மருத்துவமனையும் வேண்டும். இடிக்குமுன் நாற்புறமும் படமெடு! அளவெடுத்து வரைந்து வை! பழைய தோற்றத்தை அவ்விடத்திலேயே மக்கள் காண நிறுத்து! ஆட்சி எவர் கையில் இருப்பினும் நாம் கேட்க வேண்டியது இது. கோடிகளைக் கொட்டிக் கட்டுவோர்க்கு, இடிப்பதைப் பதிவு செய்யச் சில ஆயிரம் பாரமா?

உங்களுக்கும் பணி உண்டு, தோழரே! கிளை மன்றத்துச் சுவரிலே பழைய ஊர்வலப் படம் தொங்குகிறதல்லவா? தலைவரின் முகத்தை நூறு முறை பார்த்திருப்பீர்கள். அவருக்குப் பின்னே நிற்கும் கட்டடத்தை ஒருமுறையேனும் பார்த்ததுண்டா? இன்றே பாருங்கள். ஊர்ப் பெரியவரை அழைத்து, இடம் எது, ஆண்டு எது என்று கேட்டு, படத்தின் பின்புறத்தில் எழுதுங்கள். அதே இடத்தில் நின்று புதுப்படம் எடுத்து, பக்கத்திலே மாட்டுங்கள். பெரியவர் இருக்கும்போதே கேளுங்கள். அவரும் போய்விட்டால், அந்தப் படம் ஊமையாகிவிடும்!