கேஸ் ப்ரசன்டேஷன் என்ற பெயரில் நடக்கும் இங்கிலீஷ் பரீட்சை

நீண்ட இழை. டாக்டர்களுக்குள்ள பேச வேண்டிய விஷயம் மாதிரி தெரியும். ஆனா பொதுமக்களும் படிக்கணும். ஏன்னா இதுக்கான விலையைக் கொடுக்கறது நீங்கதான்.

1/
எம்.பி.பி.எஸ். மாணவர் வார்டுக்குள்ள வந்ததும் கத்துக்க வேண்டிய முதல் வேலைகள்ல ஒண்ணு 'கேஸ் ப்ரசன்ட்' பண்றது. நோயாளிகிட்ட பேசி, பரிசோதிச்சுப் பார்த்து, பேராசிரியர் முன்னாடி நின்னு எல்லாத்தையும் வாயால சொல்லணும். என்ன தொந்தரவு, எத்தனை நாளா, என்ன கண்டுபிடிச்சேன், என்ன நோயா இருக்கும்னு நினைக்கறேன். எழுதிக் கொடுத்தா மட்டும் போதாது, சொல்லணும்.

ஒரு டாக்டர் வாழ்நாள் முழுக்கச் செய்யப்போற வேலை இது. ட்யூட்டி மாறும்போது, சீனியருக்கு போன் பண்ணும்போது, வேற ஆஸ்பத்திரிக்கு ரெஃபர் பண்ணும்போது, கான்ஃபரன்ஸ்ல பேசும்போது எல்லா இடத்துலயும் இதான்.

2/
இதை எப்படிச் சொல்லிக் கொடுக்கறோம்? உண்மையைச் சொன்னா, சொல்லிக் கொடுக்கறதே இல்லை. நிக்க வச்சுத் திட்டறோம்.

மாணவர் முதல் வாக்கியத்துல ஒரு இங்கிலீஷ் வினைச்சொல்லைத் தப்பா போட்டா அங்கேயே நிறுத்துவாங்க. "எந்த ஸ்கூல்?"னு ஒரு கேள்வி வரும். சுத்தி நிக்கற 15 பேர் சிரிப்பாங்க. படுத்திருக்கற நோயாளிக்குக்கூட நடக்கறது அவமானம்னு புரியும். மாணவர் கண்டுபிடிச்ச விஷயம் சரியா தப்பான்னு அதுக்கப்புறம் யாரும் கேட்கறதில்லை.

3/
2020-ல தமிழ்நாட்டுல மருத்துவப் படிப்புல அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்துச்சு. 6-வதுல இருந்து 12-வது வரைக்கும் அரசுப் பள்ளியில படிச்ச பிள்ளைங்க. பலர் தமிழ் வழி. வீட்டுல முதல் பட்டதாரியா வர்றவங்களும் உண்டு.

இவங்களைப் பத்தி ஸ்டாஃப் ரூம்ல பேசற பேச்சு ஒண்ணு இருக்கு: "நல்லாத்தான் படிக்குதுங்க, ஆனா வாயைத் திறந்து பேச வரலையே." இந்த ஒரு வாக்கியத்தை எதிர்த்துத்தான் இந்த இழையை எழுதறேன்.

4/
முதல்ல ஒரு கேள்வி. அந்த நோயாளி எந்த மொழியில பேசினார்? தமிழ்ல. மாணவர் எந்த மொழியில கேட்டார்? தமிழ்ல. அப்போ நடுவுல இங்கிலீஷ் எங்க இருந்து வந்துச்சு? நாம கேட்கறதால வந்துச்சு.

நம்ம பாடப் புத்தகங்கள் சொல்ற பழைய விதி ஒண்ணு: நோயாளியோட முக்கியத் தொந்தரவை அவர் சொன்ன வார்த்தையிலயே பதிவு பண்ணணும். அதை நடத்திட்டு, அடுத்த நிமிஷமே "நெஞ்சு கரிக்குதுன்னு சொன்னார் சார்"னு ஒரு மாணவர் சொன்னா, "இது என்ன கிராமத்து பாஷை"ன்னு கிண்டல் பண்றோம். விதியைக் கடைப்பிடிச்சது மாணவர். மீறினது நாம.

5/
மொழிபெயர்ப்புல என்ன போகுதுன்னு ஒரு உதாரணம். "மயக்கமா இருக்கு." நம்ம ஊர்ல இதுக்கு நாலு அர்த்தமாவது இருக்கு.

வீடே சுத்தற மாதிரி இருக்குன்னா காதோட உட்பகுதியையும் மூளையையும் யோசிக்கணும்.
எந்திரிச்சு நின்னதும் கண்ணு இருட்டிக்கிட்டு வருதுன்னா படுக்க வச்சு, நிக்க வச்சு ரத்த அழுத்தம் பார்க்கணும்.
நினைவே இல்லாம விழுந்துட்டார்னா இதயத் துடிப்புல கோளாறா, வலிப்பான்னு தேடணும்.
சாப்பிடாம வேர்த்து விறுவிறுத்து வந்துச்சுன்னா முதல்ல சுகர் பார்க்கணும்.

நாலும் நாலு வழி. தமிழ்ல கேட்டுத் தெரிஞ்சுகிட்ட மாணவருக்கு இது எதுன்னு தெரியும். ஆனா பேராசிரியர் முன்னாடி பயந்துபோய் 'கிடினஸ்'னு ஒரே வார்த்தையில சொல்லிட்டு நிப்பார். வாக்கியம் இலக்கணப்படி சரி. தகவல் செத்துப்போச்சு.

6/
"இங்கிலீஷ் இல்லாம மருத்துவம் எப்படிப் படிக்கறது? புத்தகம், ஆய்வு, வெளிமாநில டாக்டர் எல்லாமே இங்கிலீஷ்தானே?"

சரியான கேள்வி. மருத்துவச் சொற்கள் தெரிஞ்சே ஆகணும், அதுல சமரசம் இல்லை. ஆனா கலைச்சொல் தெரியறது வேற, சரளமா இங்கிலீஷ் பேசறது வேற. 'மயோகார்டியல் இன்ஃபார்க்ஷன்'ங்கற சொல்லைத் தமிழ் வாக்கியத்துக்குள்ள வச்சுச் சொன்னா இதயம் கோவிச்சுக்காது. நம்ம ஓபியில தினமும் டாக்டர்கள் தங்களுக்குள்ள அப்படித்தானே பேசிக்கறோம்? மாணவர் செஞ்சா மட்டும் ஏன் குத்தம்?

7/
இப்ப எதிர்ப் பக்கம் வாங்க. இங்கிலீஷ் சரளமா வர்ற மாணவர் நல்லா ப்ரசன்ட் பண்றாரா? ராத்திரி 2 மணி போன்ல தெரியும். நான் உருவாக்கின உதாரணம்தான், ஆனா எந்த ஹவுஸ் சர்ஜனைக் கேட்டாலும் இதே மாதிரி ஒண்ணு சொல்வாங்க:

"சார், 26 வயசு, முதல் பிரசவம், 38 வாரம் 4 நாள், சுகர் பிபி இல்லை, நேத்து காலைல 10 மணிக்கு வலியோட அட்மிட் ஆனாங்க, சாயங்காலம் தண்ணிக்குடம் உடைஞ்சது, நார்மல் டெலிவரி, ஆண் குழந்தை, 2.9 கிலோ, குழந்தை நல்லா அழுதுச்சு..."

"சரிப்பா, இப்ப என்ன?"

"கொஞ்சம் பிளீடிங் இருக்கு சார்."

"சரி, பார்த்துக்க."

போன் கட்.

8/
இந்தப் பையன் தப்பா எதுவும் பண்ணலை. நாம பழக்கின வரிசையிலதான் சொன்னார். பெயர், வயசு, வரலாறு, பரிசோதனை, கடைசியில முடிவு. பரீட்சைக்கு அது பொருத்தமான வரிசை. எதையும் விடாம யோசிக்கப் பழக்கும். ஆனா அவசரத்துல அது துப்பறியும் கதை மாதிரி. கொலைகாரன் யாருன்னு கடைசிப் பக்கத்துலதான் தெரியும். தூக்கத்துல இருந்து எழுந்த சீனியர் அதுவரைக்கும் படிக்க மாட்டார்.

இன்னொண்ணு, அந்த 'கொஞ்சம்'. அது அளவு இல்லை, பயம். "சார் திட்டுவாரோ"ங்கறதோட சுருக்கம்.

9/
அதே கேஸ், வேற வரிசை:

"சார், லேபர் வார்டுல இருந்து பேசறேன். டெலிவரி ஆகி 40 நிமிஷம், ரத்தப்போக்கு நிக்கலை. பல்ஸ் 124, பிபி 90/60. முதல் பிரசவம், நார்மல் டெலிவரி. கர்ப்பப்பை கெட்டிப்படலை, அதனாலதான் பிளீடிங்னு நினைக்கறேன். ஆக்சிடோசின் ஓடுது, ட்ரானெக்ஸாமிக் ஆசிட் 1 கிராம் போட்டாச்சு, ரத்தத்துக்கு சாம்பிள் போயாச்சு. நீங்க இப்பவே வரணும்."

அரை நிமிஷம் ஆகாது. முழுக்கத் தமிழ் வாக்கியம். எந்த சீனியரும் இதைக் கேட்டுட்டுத் திரும்பிப் படுக்க மாட்டார்.

10/
இது என் கண்டுபிடிப்பு இல்லை. இதுக்குப் பேர் எஸ்பார். இப்ப என்ன நிலைமை, பின்னணி என்ன, நான் என்ன நினைக்கறேன், எனக்கு என்ன வேணும். இந்த நாலு படிதான். அமெரிக்கக் கடற்படையோட அணு நீர்மூழ்கிக் கப்பல்கள்ல தகவல் சொல்லப் பயன்பட்ட முறை. கெய்சர் பெர்மனென்டேங்கற அமெரிக்க மருத்துவக் குழுமம் அதை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்துச்சு. 2007-ல உலக சுகாதார நிறுவனமும் ட்யூட்டி ஒப்படைப்புக்கு இதைப் பரிந்துரைச்சுது.

நாலாவது படிதான் நம்ம ஊர்ல கஷ்டம். ஜூனியர் சீனியரைப் பார்த்து "நீங்க வரணும்"னு சொல்றது. அதைச் சொல்ற உரிமையை நாம கொடுக்கலைன்னா மத்த மூணு படியும் வீண்.

11/
"இதெல்லாம் பேச்சுத் திறமை, சைட்ல கத்துக்கலாம், மருத்துவம்தான் முக்கியம்"னு சொல்றவங்களுக்கு ஒரு ஆய்வு.

2014-ல நியூ இங்கிலாந்து மருத்துவ இதழ்ல வந்துச்சு. அமெரிக்கா, கனடாவுல 9 மருத்துவமனைகளோட குழந்தைகள் பிரிவு. மொத்தம் 10,740 அட்மிஷன். ட்யூட்டி மாறும்போது எப்படி வாயால ஒப்படைக்கணும்னு பயிற்சி டாக்டர்களுக்கு முறையா சொல்லிக் கொடுத்தாங்க. ஐ-பாஸ்னு பேர். முன்னாடியும் பின்னாடியும் கணக்கு எடுத்தாங்க.

மருத்துவத் தவறுகள் 23 சதவீதம் குறைஞ்சுது. தவிர்த்திருக்கக்கூடிய பாதிப்புகள் 30 சதவீதம் குறைஞ்சுது. ஒப்படைக்க எடுத்துக்கிட்ட நேரம் குறிப்பிடும்படியா கூடவே இல்லை.

"நம்ம ஊர் கூட்டத்துல இதுக்கெல்லாம் ஏது நேரம்"ங்கறவங்க கடைசி வரியை மறுபடி படிங்க.

12/
ஐ-பாஸ்ல கடைசிப் படி என்ன தெரியுமா? கேட்டவர் திருப்பிச் சொல்லணும். "அப்போ 7-ம் நம்பர் பெட்டுக்கு 4 மணிக்கு பொட்டாசியம் பார்க்கணும், 6-க்கு மேல இருந்தா உங்களைக் கூப்பிடணும், சரியா?" அவ்வளவுதான். ஹோட்டல்ல ஆர்டர் எடுக்கறவர் "ரெண்டு நெய் ரோஸ்ட், ஒரு பொங்கல்"னு திருப்பிச் சொல்றார். உயிர் விஷயத்துல நாம "சரி சார்"னு தலையாட்டிட்டுப் போறோம்.

13/
"நாங்களும் திட்டு வாங்கித்தான் வளர்ந்தோம். அதனாலதான் இவ்வளவு தெளிவா இருக்கோம்."

அப்படியா? கான்ஃபரன்ஸுக்கு வாங்க. 20 நிமிஷத்துக்கு 70 ஸ்லைடு. ஒவ்வொண்ணுலயும் எறும்பு சைஸ்ல எழுத்து. "இது உங்களுக்குத் தெரியாது, இருந்தாலும்..."னு சொல்லிக்கிட்டே அதைப் படிக்கறது. முகம் திரையைப் பார்த்து, முதுகு சபையைப் பார்த்து. மணி அடிச்சப்புறம் "இன்னும் அஞ்சே ஸ்லைடு." கீழ உட்கார்ந்திருக்கறவங்க போன் பார்த்துக்கிட்டு இருப்பாங்க.

திட்டு வாங்கி வளர்ந்த தலைமுறை பேசற லட்சணம் இது. திட்டு பயத்தைக் கத்துக் கொடுக்கும், பேச்சைக் கத்துக் கொடுக்காது.

14/
நியாயமா ஒண்ணு சொல்லணும். 2019-ல வந்த புதிய பாடத்திட்டத்துல தகவல் தொடர்புக்குன்னே ஏட்காம்ங்கற பகுதி இருக்கு. ஆரம்ப மாசத்துல மொழிப் பயிற்சியும் இருக்கு. நல்ல விஷயம். மாணவர் பக்கத்துல உட்கார்ந்து நிதானமா திருத்தற ஆசிரியர்களும் இருக்காங்க. அவங்களுக்கு என் வணக்கம்.

ஆனா வகுப்பறையில ஒரு மணி நேரம் 'அன்பா பேசணும்'னு நடத்திட்டு, அதே மாணவரை வார்டுல நாலு பேர் முன்னாடி கேவலப்படுத்தினா அவர் எதைக் கத்துக்குவார்? பார்க்கறதைத்தான்.

15/
அதனால கேட்கறேன். பெரிய பட்ஜெட் எதுவும் வேண்டாம்.

முதல் க்ளினிக்கல் வருஷம் முழுக்க, கலைச்சொல்லோட தமிழ்ல கேஸ் சொல்ல அனுமதிங்க. முதல்ல யோசனை வரிசைக்கு வரட்டும். இங்கிலீஷ் பின்னாடி வரும்.

ஒவ்வொரு கேஸையும் ரெண்டு தடவை சொல்லச் சொல்லுங்க. ஒண்ணு பரீட்சை வரிசையில, இன்னொண்ணு ஒரு நிமிஷ போன் கால் மாதிரி.

ஹவுஸ் சர்ஜன்ஸி முதல் வாரத்துல 10 மாதிரி போன் கால். சீனியர் ஒருத்தர் தூக்கக் கலக்கத்துல எரிச்சலாப் பேசற மாதிரி நடிக்கட்டும்.

முழுசா சொல்லி முடிக்கற வரைக்கும் குறுக்கிடாதீங்க. முடிச்சப்புறம் ஒரு நல்லது, ஒரு திருத்தம். "எந்த ஸ்கூல்"ங்கற கேள்வி வேண்டவே வேண்டாம்.

16/
பொதுமக்களுக்கு ஒண்ணு. டாக்டர் விளக்கினப்புறம் வெறுமனே தலையாட்டாதீங்க. "நான் புரிஞ்சுகிட்டதைச் சொல்றேன் டாக்டர், சரியான்னு பாருங்க"ன்னு கேளுங்க. ரெஃபர் பண்ணி வேற ஆஸ்பத்திரிக்கு அனுப்பினா, "அங்க யார்கிட்ட பேசினீங்க, என்ன சொன்னீங்க?"ன்னு கேளுங்க. அது எதிர்த்துப் பேசறது இல்லை, உங்க உரிமை.

அப்புறம், உங்க ஊர் அரசுப் பள்ளியில படிச்சு டாக்டராகப் போற பிள்ளை லீவுல வீட்டுக்கு வந்தா, "இங்கிலீஷ் பழகிட்டியா?"ன்னு கேட்காதீங்க. "என்ன கேஸ் பார்த்த, சொல்லு"ன்னு கேளுங்க. அந்தப் பிள்ளைக்குச் சொல்லத் தெரியும். கேட்கத்தான் ஆள் வேணும்.

17/
சக டாக்டர்கள் கமெண்ட்ல சண்டைக்கு வரலாம். ஒரே நிபந்தனை: முடிவை முதல்ல சொல்லுங்க, காரணத்தை அப்புறம் சொல்லுங்க.