மனப்பாட வசனமும் வாசிப்பும்



ஓய்வுநாள் பள்ளியில் ஒரு பிள்ளை மனப்பாட வசனத்தைப் பிழையின்றிச் சொல்லும்போது மகிழ்ந்து பரிசளிக்கிறோம். அதே வசனத்தை வேதாகமத்தில் காட்டி வாசிக்கச் சொல்லிப் பாருங்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளிலும் சிலர் தயங்கி நின்றுவிடுவார்கள். செவி கற்றதைக் கண் இன்னும் கற்கவில்லை.

இதைச் சோம்பல் என்று எண்ணாதிருங்கள். ‘கொ’ என்னும் எழுத்தில் கண் முதலில் காண்பது ஒற்றைக்கொம்பை. நாவோ ககரத்தை முதலில் ஒலிக்க வேண்டும். வளர்ந்த நமக்கு இது விளையாட்டு. திணறும் பிள்ளைக்கோ, அருகில் அமர்ந்து பொறுமையாய்க் கேட்கும் ஒருவர் வேண்டும். நிறைந்த வகுப்பில் ஆசிரியருக்கு அதற்கு நேரம் வாய்ப்பதில்லை.

‘அது பள்ளிக்கூடத்தின் வேலை அல்லவா?’ என்பீர்கள். 1780ஆம் ஆண்டு இங்கிலாந்தின் குளொஸ்டரில் ராபர்ட் ரெய்க்ஸ் தொடங்கிய ஓய்வுநாள் பள்ளியே, வாரமெல்லாம் உழைத்த ஏழைச் சிறுவருக்கு வாசிக்கக் கற்பிக்கவே எழுந்தது. பிற்காலத்தில்தான் அது பாட்டும் கதையுமாகச் சுருங்கிற்று. (பாட்டு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை!)

ஆராதனைக்குப்பின் அரைமணி நேரம், ஒரு பிள்ளைக்கு ஒரு பெரியவர். இவ்வளவே நான் கேட்பது. பிள்ளை தடுமாறினால் உடனே சொல்லிக் கொடுத்துவிடாமல் சற்றுக் காத்திருங்கள். மற்றவர் முன் எழுப்பி வாசிக்கச் செய்யாதிருங்கள். ஆசிரியராய் இருந்திருக்க வேண்டியதில்லை. செய்தித்தாள் வாசிக்கத் தெரிந்தால் போதும். விருப்பமுள்ளோர் வரும் ஞாயிறு என்னைச் சந்தியுங்கள்.