72 மணி நேரம் குஞ்சுக்கே சொந்தம்

நாட்டுக்கோழி வளர்ப்போர், குஞ்சு பொரிப்பகம் நடத்துவோர், பஸ் பார்சலில் குஞ்சு வாங்கிப் பண்ணை தொடங்கியோர் ஆகிய நாங்கள் ஒன்றுகூடி இந்தக் கொள்கைப் பிரகடனத்தை வெளியிடுகிறோம்.

முட்டையையும் குஞ்சையும் ஊர்விட்டு ஊர் அனுப்புவதை நிறுத்தச் சொல்ல நாங்கள் வரவில்லை. கலப்பில்லாத சிறுவிடை, பெருவிடை நாட்டுக்கோழிகள் சிலர் வீட்டுக் கொல்லையில்தான் மிஞ்சியிருக்கின்றன. அவை பரவ வேண்டுமானால் பயணம் போயே ஆக வேண்டும். எப்படிப் போக வேண்டும் என்பதே எங்கள் கேள்வி.

ஓட்டை உடைப்பதற்குச் சற்று முன், மிச்சமிருக்கும் மஞ்சள் கருவைக் குஞ்சு வயிற்றுக்குள் இழுத்துக்கொள்கிறது. அதை வைத்து ஏறத்தாழ 72 மணி நேரம் தீனி, தண்ணீர் இல்லாமல் தாக்குப்பிடிக்கும். அடைக்கோழி எல்லாக் குஞ்சும் வரும்வரை எழுந்திருக்காது. முதலில் பொரித்தது கடைசிக் குஞ்சுக்காகக் காத்திருக்க இயற்கை கொடுத்த கட்டுச்சோறு அது. அதையே வியாபாரம் போக்குவரத்துக்கான கெடுவாக்கிக்கொண்டது.

அமெரிக்க அஞ்சல் துறை 1918 முதல் ஒரு நாள் குஞ்சுகளைச் சுமக்கிறது. 24 மணி நேரத்துக்கு மேல் வயதான குஞ்சை ஏற்கக் கூடாது, பொரித்த 72 மணி நேரத்துக்குள் சேர்த்துவிட வேண்டும் என்று அங்கே விதியே உண்டு. அப்படியிருந்தும் 2025இல் டெலவேர் மாநிலத்து அஞ்சல் மையம் ஒன்றில் ஏறத்தாழ 12,000 குஞ்சுகள் மூன்று நாள் லாரிக்குள்ளேயே கிடந்தன, ஆயிரக்கணக்கில் செத்தன. நூறாண்டு அனுபவம் உள்ள இடத்திலேயே இந்தக் கதி.

நம் ஊரில் நடப்பது வாய்ப்பேச்சு ஏற்பாடு. ஆம்னி பஸ் டிக்கியில் சூட்கேஸ்களுக்கு நடுவே, காற்றுத் துளை அடைபட்ட பெட்டி. பார்சல் ஆபீஸ் திறக்கும்வரை வெயிலில் காத்திருப்பு. திறந்தால், மூலையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறியதில் அடியில் நசுங்கியவை, வழுக்கும் அட்டையில் நின்று கால் விரிந்துபோனவை. கேட்டால், “அதுக்குத்தானே நூத்துக்கு ரெண்டு எக்ஸ்ட்ரா போட்டிருக்கோம்” என்று பதில் வருகிறது. சாவை முன்கூட்டியே கணக்கில் சேர்த்துவிட்டால் அதைத் தடுக்க யாருக்கும் அவசரம் இருக்காது.

எங்கள் கொள்கைகள்:

1. அந்த 72 மணி நேரம் குஞ்சின் கையிருப்பு. இரவு பஸ்ஸில் ஏற்றினால் விடிந்ததும் வாங்குபவர் கையில் சேரும் தூரமே குஞ்சுக்கான எல்லை.

2. அதற்கு அப்பால் முட்டைதான் போக வேண்டும். குளிர்ச்சியாக இருக்கும்வரை கரு உறங்கும். வழியில் கெட்டால் நஷ்டம் பணத்தோடு போகும். கத்திரி வெயிலில் கரு அரைகுறையாக வளரத் தொடங்கிச் செத்துவிடும் என்பதால் அந்த நாட்களில் முட்டையும் வேண்டாம்.

3. சால்மோனெல்லா புல்லோரம் கிருமி தாய்க்கோழியிடமிருந்து முட்டை வழியாகவே குஞ்சுக்கு வரும். ஓட்டைத் துடைத்து அதைத் தடுக்க முடியாது. பரிசோதித்த தாய்க்கோழிகளின் முட்டையே விற்பனைக்கு.

4. எக்ஸ்ட்ரா குஞ்சு இழப்பீடு ஆகாது. வழியில் செத்தவற்றின் எண்ணிக்கையை வாங்கியவர் எழுதித் தர வேண்டும். விற்றவர் அதை எல்லோரும் பார்க்க வைக்க வேண்டும்.

அனுப்புவோராகிய நாங்கள், பொரித்த நாளும் மணியும் போட்ட தடுப்பூசியும் பெட்டியின்மேல் எழுதுவோம். அடியில் வைக்கோல் பரப்புவோம். ஞாயிறு விடுமுறையில் மாட்டிக்கொள்ளும்படி சனிக்கிழமை எதையும் ஏற்றமாட்டோம். முட்டைகளைத் தனித்தனியே காகிதம் சுற்றி, கூர்முனை கீழாக உமிக்குள் வைப்போம்.

வாங்குவோராகிய நாங்கள், பஸ் வருமுன் ஸ்டாண்டில் நிற்போம். குஞ்சுக்குச் சூடு தரும் புரூடர் பல்பை முன்கூட்டியே போட்டு வைப்போம். குஞ்சின் அலகைத் தண்ணீரில் நனைத்து, அது குடித்த பிறகே தீனி வைப்போம். ஏழாம் நாள் வெள்ளைக்கழிச்சல் சொட்டு மருந்தைத் தவறவிடமாட்டோம். பயணம் செய்த முட்டையை டார்ச் அடித்துப் பார்த்தால் அகன்ற முனையில் காற்றறை ஆடுவது தெரியும். அது நிலைகொள்ள ஒரு நாள் அசையாமல் வைத்து, பிறகே அடைக்கு வைப்போம்.

பஸ், கூரியர் நிறுவனங்களிடம் கேட்பது: காற்றோட்டமான தனி இடம், பெட்டி இறங்கியதும் ஒரு போன். அரசிடம் கேட்பது: 1978ஆம் ஆண்டு விலங்குகள் போக்குவரத்து விதிகளில் கோழிகளுக்குச் சொல்லியிருப்பதைப் பார்சல் கவுண்டர்வரை கொண்டு வாருங்கள், தாய்க்கோழிகளின் ரத்தப் பரிசோதனையைச் சிறு வளர்ப்போருக்கும் எட்டச் செய்யுங்கள்.

இதனால் குஞ்சு விலை ஏறும். தெரிந்தே ஏற்கிறோம். இன்றைய மலிவின் மிச்ச விலையைச் செத்த குஞ்சுகள் கொடுக்கின்றன. இனி அதை நாம் கொடுப்போம். அடுத்த ஆர்டர் போடுமுன் பொரித்த மணி என்னவென்று கேளுங்கள். சொல்லத் தெரியாதவரிடம் வாங்காதீர்கள். அப்படிக் கேட்கும் ஒவ்வொருவரும் இந்த இயக்கத்தின் உறுப்பினர்.